மரத்துக்குப் பெயர் சொல்லும் செயலிகள்: ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியனின் மதிப்புரை

மரம் பார்க்க என் போனில் இப்போது இரண்டு செயலிகள்தான் இருக்கின்றன. ஒன்று பிளான்ட்நெட், இன்னொன்று சீக். வேறு சிலவற்றையும் ஏற்றிப் பார்த்து அழித்துவிட்டேன். ஐநேச்சுரலிஸ்டில் ஒரு கணக்கு உண்டு, ஆனால் அதன் வேலை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். தெருவில் அண்ணாந்து நின்று "இது என்ன மரம்?" என்று யோசிக்கிறவர்கள் என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். எந்தச் செயலியை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தாவரவியல் படித்தவள் இல்லை. அரசு மருத்துவமனை லேபில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். ரத்தம், சிறுநீர், மலம், சளி என்று கழிந்த வாழ்க்கை. மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றாலும், ஒரு கருவி ஒரு விடை சொன்னால் அந்த விடையை எப்படிச் சோதிப்பது என்று தெரியும். லேபில் புது ரீஏஜென்ட், அதாவது சோதனை ரசாயனம், வந்தால் எடுத்த எடுப்பில் நோயாளியின் மாதிரியில் போட மாட்டோம். விடை ஏற்கெனவே தெரிந்த மாதிரியில் போட்டுப் பார்ப்போம். கன்ட்ரோல் என்போம். செயலிகளையும் அப்படித்தான் சோதித்தேன்.

மகள் வீடு பெசன்ட் நகரில். காலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பும்போது வழியில் நிற்கும் தெரிந்த மரங்களைப் படம் எடுத்தேன். வேம்பு, புங்கை, பூவரசு, வாதாம், நெட்டிலிங்கம், தெருவெல்லாம் மஞ்சள் கொட்டும் இயல்வாகை. எல்லாச் செயலிகளும் சரியாகச் சொல்லின. புது அடுக்குமாடிகளின் வாசலில் தட்டுத் தட்டாகக் கிளை விரித்து நிற்குமே, அந்த மடகாஸ்கர் வாதாமையும் சொல்லிவிட்டன. இளஞ்சிவப்பாகப் பூக்கும் டபேபுயாவையும் விடவில்லை. கன்ட்ரோலில் எல்லோரும் பாஸ். ஆனால் எல்லோரும் பாஸ் என்றால் கன்ட்ரோல் சுலபமாக இருந்தது என்றும் அர்த்தம். இந்த மரங்களை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் படம் எடுத்துப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். செயலிகள் கற்றுக்கொண்டது அந்தப் படங்களிலிருந்துதான். நிறையப் படம் உள்ள மரத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை.

உண்மையான பரீட்சைக்கு ஒரு மரம் இருந்தது. மகளின் குடியிருப்புக்கு இரண்டு கட்டடம் தள்ளி, காம்பவுண்டின் மூலையில். முன்பு அங்கே தனி வீடு இருந்ததாம். அதை இடித்துப் பிளாட் கட்டியபோது மரத்தை மட்டும் எப்படியோ விட்டிருக்கிறார்கள். இரண்டாவது மாடி உயரம்கூட இல்லை. வட்டமாகக் கவிந்த, வெயில் ஊடுருவாத அடர்ந்த தலை. பட்டை சாம்பலும் பச்சையும் கலந்து திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. இலை சின்னது, தடிப்பு, பளபளப்பு. பூ நீலம். மரத்தில் நீலப் பூ என்பதே நம் ஊரில் அதிசயம். இதில் இன்னொரு விசேஷம், புதுப் பூ நல்ல நீலமாகவும் பழைய பூ வெளுத்தும் இருப்பதால் ஒரே கொத்தில் நான்கைந்து சாயல் தெரியும். தெருவில் யாரைக் கேட்டாலும் "ஏதோ ஷோ மரம்" என்றார்கள். வாட்ச்மேன் அண்ணன் மட்டும், "அம்மா, இது பாரின் மரம், துரை காலத்துல வெச்சது" என்றார். துரை காலம் என்பதற்கு ஆதாரம் இல்லை. பாரின் என்பது சரிதான் என்று பின்னால் தெரிந்தது.

முதலில் அழித்த செயலிகளைச் சொல்லி முடிக்கிறேன். பெயர் வேண்டாம், வகை போதும்.

போனோடு வரும் படத் தேடல் ஒன்று. இலையைக் காட்டினால் ஆல வகை என்றது. பூவைக் காட்டினால் தொட்டியில் வளர்க்கும் நீலச் சித்திரமூலம் என்றது. இரண்டு மாடி உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட மரம் தொட்டிச் செடி ஆகுமா? அந்தத் தேடல் மரத்தை மட்டும் பார்ப்பதில்லை, படத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பார்க்கிறது. அதே மாதிரி நிறம், அதே மாதிரி சட்டகம் உள்ள படங்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. புடவை டிசைன் தேட நல்லது.

இன்னொன்று பணம் கேட்கும் வகை. முதல் வாரம் இலவசம், அப்புறம் வருஷச் சந்தா. ரத்து செய்யும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மரத்தையே கண்டுபிடித்துவிடலாம். பெரிய எழுத்தில் ஒரே ஒரு பெயர் சொல்லும், பக்கத்தில் ஒரு பச்சை டிக். எவ்வளவு நிச்சயம் என்று சொல்லாது, வேறு என்னவாக இருக்கலாம் என்றும் சொல்லாது. மேலே இரண்டு இலை மஞ்சளாக இருந்ததைப் பார்த்துவிட்டு "உங்கள் செடிக்கு உடல்நலம் சரியில்லை" என்று எச்சரித்தது. வாரம் இருமுறை தண்ணீர் ஊற்ற நினைவூட்டல் வேறு. அடுத்தவர் காம்பவுண்டு மரத்துக்கு நான் எப்படி ஊற்றுவது? சந்தேகமே படாமல் விடை கொடுக்கும் மெஷினை லேபில் முதலில் ஓரம் கட்டுவோம். இதையும் அப்படியே செய்தேன்.

இப்போது வைத்திருக்கிறவை. சீக் என்பது ஐநேச்சுரலிஸ்ட்காரர்கள் 2018இல் வெளியிட்ட சின்னச் செயலி. கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் இல்லை. பேரன் கையில் கொடுக்கக் கூடியது. கேமராவை மரத்தின்மேல் பிடித்தால் மேலே புள்ளிகள் ஒவ்வொன்றாக நிரம்பும். முதலில் 'தாவரம்', அப்புறம் வகுப்பு, குடும்பம், பேரினம், கடைசியில் இனம். நிச்சயம் இல்லாத இடத்தில் அப்படியே நின்றுவிடும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். நம் நீலப் பூ மரத்தில் அது குடும்பத்தோடு நின்றது. சைகோஃபில்லேசி என்றது. யார் இவர்கள் என்று பார்த்தால், நெருஞ்சியின் குடும்பம்!

நெருஞ்சி முள் குத்தாத கால் நம் ஊரில் உண்டா? தரையோடு படரும் அந்தப் பூண்டுக்கும் இந்த மரத்துக்கும் என்ன உறவு என்று முதலில் சிரிப்பு வந்தது. மறுநாள் காலி மனையில் ஒரு நெருஞ்சிக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, மரத்தடியில் உதிர்ந்த இலையோடு வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. நுனியில் ஒற்றை இலை இல்லை, ஜோடியிலேயே முடிகிறது. புங்கை இலைக் காம்பின் நுனியில் தனியாக ஒரு இலை இருக்கும், பார்த்திருப்பீர்கள். இங்கே அது கிடையாது. பூவிலும் இரண்டுக்கும் ஐந்து இதழ். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். சீக் இனத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டது.

அடுத்தது பிளான்ட்நெட். பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவது. 2013இல் செயலியாக வந்தது. தொடக்கத்தில் பிரான்சுத் தாவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆரம்பித்து, அப்புறம் உலகம் முழுக்க விரித்திருக்கிறார்கள். இலவசம். விளம்பரத் தொல்லையும் இல்லை.

இதில் படம் எடுத்ததும் ஒரு கேள்வி கேட்கும். இது இலையா, பூவா, காயா, பட்டையா, முழு மரமா? சின்ன விஷயம்தான், ஆனால் இந்தக் கேள்விக்காகவே இதற்கு முதலிடம் கொடுப்பேன். மாதிரி குப்பியில் லேபிள் ஒட்டாமல் லேபுக்கு அனுப்பினால் திருப்பி அனுப்புவோம் இல்லையா, அது மாதிரி. என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்தால்தான் எதனோடு ஒப்பிடுவது என்று தெரியும். ஒரே மரத்தின் பல படங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகவும் அனுப்பலாம். விடையாக ஒரு பட்டியல் வரும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சதவீதம், கூடவே மற்றவர்கள் எடுத்த படங்கள். உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டும். சோம்பேறிகளுக்கு ஆகாது.

இலையை மட்டும் கொடுத்தபோது ஒற்றை இலக்கச் சதவீதத்தில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. அதாவது "தெரியவில்லை" என்று மரியாதையாகச் சொன்னது. பூவைச் சேர்த்ததும் பட்டியல் சுருங்கியது. காயையும் சேர்த்தபோது முதலிடத்தில் குவாயகம் அஃபிசினேல், இரண்டாமிடத்தில் அதன் தங்கை குவாயகம் சாங்க்டம். மூன்றாவது வெகு தூரத்தில்.

இங்கேதான் செயலியின் வேலை முடிந்து நம் வேலை தொடங்குகிறது. அக்காவுக்கும் தங்கைக்கும் பூ ஒரே மாதிரி. ஆனால் அஃபிசினேலில் ஒரு காம்பில் சிற்றிலை இரண்டு அல்லது மூன்று ஜோடிதான், சாங்க்டத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். காயிலும் வித்தியாசம் உண்டு. அஃபிசினேல் காய் தட்டையாக, இரண்டு மடலோடு, சின்ன இதயம் போல இருக்கும். சாங்க்டத்தின் காயில் நான்கைந்து விளிம்புகள் எழும்பியிருக்கும். மின்கம்பிக்காகக் கிளை கழித்துப் போட்ட அன்று குப்பையிலிருந்து ஒரு கிளையை எடுத்துவந்து டைனிங் டேபிளில் பரப்பி எண்ணினேன். இரண்டு ஜோடி, மூன்று ஜோடி, இரண்டு ஜோடி. ஆரஞ்சு கலந்த மஞ்சளில் தட்டைக் காய்கள், ஒன்று வெடித்து உள்ளே சிவப்புச் சதை போர்த்திய விதை தெரிந்தது. மகள் சாப்பிட இடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். சரி, அஃபிசினேல்தான்.

குவாயகம் என்ற பெயரைப் படித்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் லேபில் அது தினமும் புழங்கிய பெயர்! மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போகிறதா என்று பார்க்கும் சோதனையை குவாயக் டெஸ்ட் என்போம். குவாயக் பிசின் ஏற்றிய காகித அட்டையில் மாதிரியைத் தடவி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த திரவத்தை இரண்டு சொட்டு விட்டால், ரத்தம் இருந்தால் அட்டை நீலமாக மாறும். ரத்தத்தில் உள்ள ஹீம் என்ற பொருள் பெராக்சைடை உடைத்துப் பிசினை நிறம் மாற்றுகிறது. நிமிஷத்தில் தெரிந்துவிடும். சோதனைக்கு முன்பு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி வேண்டாம், பச்சை முள்ளங்கி வேண்டாம் என்று சொல்லி அனுப்புவோம், அவை பொய்யாக நீலம் காட்டும். வைட்டமின் சி மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தால் இருக்கிற ரத்தமே தெரியாமல் போகும். இதையெல்லாம் எத்தனையோ பேருக்கு ஒப்பித்திருக்கிறேன். அந்தப் பிசின் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. இந்த மரத்தின் உள்கட்டையிலிருந்து வருகிறது. அட்டையின் நீலத்துக்கும் பூவின் நீலத்துக்கும் சம்பந்தம் இல்லை, வெறும் தற்செயல்தான். இருந்தாலும் அன்று இரவு பழைய சக ஊழியர்கள் நான்கு பேருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

பெயர் தெரிந்தபின் மற்றவை தானாக வந்தன. சொந்த ஊர் கரீபியன் தீவுகளும் தென் அமெரிக்காவின் வடகரையும். ஜமைக்காவின் தேசிய மலர் இது. லிக்னம் வைட்டே என்ற பெயரில் இதன் மரக்கட்டை உலகப் பிரசித்தம், தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். கட்டைக்குள் இருக்கும் பிசினே எண்ணெய் மாதிரி வேலை செய்வதால் கப்பலின் உந்துவிசிறித் தண்டுக்குத் தாங்கியாக இதைப் போட்டிருக்கிறார்கள். காற்று பலமாக அடிக்கிற மைதானங்களில் கிரிக்கெட் ஸ்டம்ப் மேல் வைக்கும் கனமான பெயில்ஸ்கூட இந்தக் கட்டையில் செய்வதுண்டு. பேரனுக்கு இது ஒன்றுதான் பிடித்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இதை மேகநோய்க்கு மருந்தென்று நம்பிக் கப்பல் கப்பலாக வெட்டிக் கொண்டுபோனார்கள். மெதுவாக வளரும் மரம், வெட்டிய வேகத்துக்கு வளர முடியவில்லை. இன்று சொந்த ஊரில் அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது, சர்வதேச வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. உப்புக் காற்றையும் வறட்சியையும் தாங்கும். பெசன்ட் நகரில் அது சுகமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் தெரு மரங்களைச் சாய்த்துப் போட்டதே, இது அதையும் பார்த்துவிட்டு நிற்கிறது.

ஐநேச்சுரலிஸ்ட் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்கள் மூவரின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது, இப்போது உலகம் முழுக்க இயற்கை ஆர்வலர்கள் கூடுகிற இடம். நாம் போடும் படத்துக்கு மனிதர்களே வந்து பெயர் சொல்வார்கள், அதுதான் அதன் பலம். ஆனால் அது தானாக முளைத்து வாழும் உயிர்களுக்காகக் கட்டிய இடம். நட்டு வளர்த்த மரம் என்று குறித்தால் அந்தப் பதிவு 'கேஷுவல்' வரிசைக்குப் போய்விடும், அடையாளம் சொல்கிறவர்கள் வழக்கமாகத் திறக்கும் பட்டியலில் வராது. நட்டது என்று குறிக்காமல் விடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். கரீபியன் மரம் சென்னையில் காடாக வளர்கிறது என்று யாரோ ஓர் ஆராய்ச்சியாளர் எழுதிவைப்பார். காக்கை, தும்பி, பட்டாம்பூச்சி, காலி மனைப் பூண்டு இவற்றுக்கு அது முதல் தரம். அலங்கார மரத்துக்குப் பொறுமை வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், வெளிநாட்டு அலங்கார மரம் தேடுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஐநேச்சுரலிஸ்ட், நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி எவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்து அவற்றையே முதலில் பரிந்துரைக்கும். உள்ளூர்ச் செடிக்கு இது பெரிய உதவி, உள்ளூரில் ஒன்றோ இரண்டோ இருக்கிற விருந்தாளி மரத்துக்கு இடைஞ்சல். அந்தப் பரிந்துரைத் திரையிலேயே இதை நீக்கிவிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. பிளான்ட்நெட்டிலும் அப்படித்தான். நாடு, பகுதி வாரியான தொகுப்புகளுக்குப் பதிலாக உலகத் தாவரத் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

படம் எடுப்பதில் சில யோசனைகள். சென்னை மதிய வெயிலில் எடுத்தால் நீலம் ஊதாவாகும், வெள்ளை எரிந்துபோகும். காலை ஏழு மணிக்குள் எடுங்கள். கிளை எட்டாவிட்டால் உதிர்ந்த பூவையும் இலையையும் எடுத்து, இலையை முன்னும் பின்னும் திருப்பி, வெற்றுத் தாளின் மேல் வைத்து எடுக்கலாம். தனிச் சிற்றிலை போதாது, முழுக் காம்பும் வேண்டும். அடுத்தவர் காம்பவுண்டு என்றால் வாட்ச்மேனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வயதான பெண் என்பதால் என்னை விட்டார்கள், எல்லோரையும் விடுவார்கள் என்று இல்லை. செயலி சொல்லிவிட்டது என்று எந்தக் காயையும் வாயில் வைக்க வேண்டாம். இது சொல்ல வேண்டிய அவசியமா என்று கேட்காதீர்கள், விஷமுறிவு வார்டிலிருந்து வரும் மாதிரிகளைப் பார்த்தவள் நான்.

பூவும் காயும் இல்லாத காலத்தில் எந்தச் செயலியும் தடுமாறத்தான் செய்யும். பட்டையைத் தடவி, இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கிற மனிதருக்கு ஈடு இல்லை. சென்னையில் 'நிழல்' என்ற மரப் பாதுகாப்பு அமைப்பினர் மர நடை நடத்துகிறார்கள், கோட்டூர்புரத்தில் அவர்கள் வளர்த்த மரப்பூங்காவும் இருக்கிறது. செயலியோடு மல்லுக்கட்டிப் பழகியபின் அப்படி ஒரு நடைக்குப் போனால் கேட்பதற்குச் சரியான கேள்விகள் கையில் இருக்கும்.

பிளான்ட்நெட் விடையைப் பகிரும் வசதி உண்டு. அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கு அனுப்பினேன். லத்தீன் பெயரைப் பார்த்துவிட்டு "என்னங்க மேடம் இது, ஏதாவது வைரஸா?" என்று கேட்டார். அதனால் ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போனேன். ஆபத்தில் உள்ள மரம், மருத்துவச் சோதனை, கப்பல், கிரிக்கெட் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார், காய் விழுந்தால் கார் மேல் கறை பிடிக்குமா என்று. கார் பார்க்கிங்கை அகலப்படுத்த அந்த மூலையைத்தான் பார்த்து வைத்திருந்தார்களாம். தாளை வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகவும் சொன்னார். கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார், மீதம் வைத்த காய்களோடு போகிறேன்.